கவரை என்ன செய்வது?

சார், விளையாட்டு அணியில் சேர்வதற்கு முன் அமெரிக்கக் கல்லூரியைப் பார்க்கப் போன மகனின் அன்அஃபிஷியல் விசிட்டில் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் உங்கள் ஹோட்டல் பில்லைக் கட்டி, பெட்ரோலுக்கு என்று 300 டாலர் கவரும் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளக் கூடாது. அன்அஃபிஷியல் விசிட் என்றாலே போக்குவரத்தும் தங்குமிடமும் நம் கைக்காசு. அஃபிஷியல் விசிட்டுக்குத்தான் கல்லூரி செலவழிக்கும், பெற்றோருக்கும் சேர்த்து.

அவர் கோச் இல்லையே என்று நினைக்காதீர்கள். அணிக்கு நன்கொடை தருபவரை என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) 'பூஸ்டர்', அதாவது அணியின் ஆதரவாளர், கணக்கில்தான் வைக்கும்; கோச்சுக்கு உள்ள தடை அவருக்கும் உண்டு. டென்னசி பல்கலைக்கழகத்துக்கு 2023இல் 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விழுந்ததே, அதில் வந்ததும் பெரும்பாலும் இதே சமாச்சாரம்தான்: விசிட் வந்த குடும்பங்களுக்கு ஹோட்டல் அறை, சாப்பாடு, ரொக்கம்.

2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், உண்மை. அதற்கு ஒப்பந்தம் இருக்கும், விளம்பரம் மாதிரி ஏதாவது வேலை இருக்கும். கவரில் வரும் காசு அதில் சேராது. (அந்த மனிதருக்கும் இது தெரியாமல் இருக்காது என்பது என் சந்தேகம்.)

நீங்களாகத் திருப்பிக் கொடுத்து விஷயத்தை அமுக்கப் பார்க்க வேண்டாம். முதலில் அந்தக் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் (விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும்) அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள்: தேதி, தொகை, யார் கொடுத்தது. சின்னத் தொகை என்றால் பெரும்பாலும் அதை ஒரு தர்ம அமைப்புக்குக் கட்டச் சொல்லிப் பையனை ஆட விடுவார்கள். மறைத்துப் பிறகு தெரியவந்தால்தான் சிக்கல். ஹோட்டல் ரசீது நகல் கிடைத்தால் கேட்டு வாங்கி வையுங்கள். கவரைத் தொடாதீர்கள்.