கார் இன்ஜின் அடிக்கடி சூடாகிறது, ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். கழற்றுவதற்கு முன் எப்படி உறுதி செய்வது?

ஒரே காருக்கு இரண்டு முறை ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே வாயு, தண்ணீர், ஆயில் கலக்காமல் அடைக்கும் தகடு) மாற்றியவன் நான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்து போக மனம் வரவில்லை.

என்னுடையது மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அதில் பாதிகூடத் தாண்டவில்லை, முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டி ஆறவிட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி மறுபடி ஏறினேன். வீடு திரும்பியபோது சைலன்சரில் வெள்ளைப் புகை. கேஸ்கட்டை மாற்றினார்கள். ஐந்தே மாதத்தில் திரும்ப அதே கதை.

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் ஒரு பெரியவர். ஸ்பேனரை எடுக்கவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முள் பாதியைத் தாண்டும்வரை பக்கத்திலேயே நின்றார். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான ரிலே சில நேரம் ஒட்டும், சில நேரம் விட்டுவிடும். சமவெளியில் காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும் என்பதால் எனக்கு அது தெரியவே இல்லை. மலையில் இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது ஃபேனை விட்டால் வேறு துணை கிடையாது. முதலில் மாற்றியவர் கேஸ்கட் போனதைப் பார்த்தார், ஏன் போனது என்று பார்க்கவில்லை.

அதனால் முதலில், எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள். டிராஃபிக்கிலும் மலையிலும் மட்டும் என்றால் ஃபேன், ஃபியூஸ், ரிலே. பெரும்பாலான கார்களில் ஏசி போட்டாலே ஃபேன் சுற்றும், அதை வைத்தே பார்த்துவிடலாம். நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போகும்போதும் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வு), அல்லது வாட்டர் பம்ப். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தாலும் கூலண்ட் (இன்ஜினை ஆற்றும் தண்ணீர்க் கலவை) சீக்கிரம் கொதிக்கும். இவை எல்லாமே ஹெட்டைக் கழற்றாமல் சரிசெய்யக் கூடியவை.

தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனாலும் கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது என்றால்தான் கேஸ்கட் மேல் சந்தேகம் வர வேண்டும். காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில், இன்னும் சூடே ஏறாத நிலையில் அது கல் மாதிரி இறுகினால், சிலிண்டரின் வாயு தண்ணீர் வழிக்குள் போகிறது என்று அர்த்தம். இன்னொரு நாள் அதேபோல ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, விளிம்புவரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் வரும் நாலைந்து குமிழி ஒன்றுமில்லை. நிற்காமல் வந்து, ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் அதுதான் அறிகுறி. சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள். அந்த மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் படிந்திருப்பதைக் காட்டி "கேஸ்கட் காலி" என்பார்கள். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் வெறும் ஈரம் சேர்ந்தே அப்படி ஆகும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால் விஷயம் தீவிரம். அப்போதுகூட, ஆயில் கூலர் உள்ள இன்ஜின் என்றால் அது உள்ளே ஓட்டையாகியும் தண்ணீர் கலக்கும்.

முடிவாகத் தெரிய, ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவ டெஸ்ட் இருக்கிறது. எரிந்த வாயு வந்தால் மஞ்சளாக மாறும். அதோடு, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டும் கேளுங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் குறைவாகக் காட்டினால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, உறுதியாகிவிட்டது என்றால் கழற்றத்தான் வேண்டும். அலுமினிய ஹெட் அதிகம் சூடானால் வளையும். பல சிறிய கார்களுக்கு அனுமதி 0.05 மி.மீ.தான், கண்ணுக்குத் தெரியாது. அதனால் லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்த பிறகே புது கேஸ்கட் வைக்கச் சொல்லுங்கள். போல்ட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில், கம்பெனி சொன்ன வரிசையில் முறுக்க வேண்டும். அப்புறம், பழைய கேஸ்கட்டை வாங்கிப் பாருங்கள். என்னுடையதில் 3வது சிலிண்டர் ஓரம் தண்ணீர் ஓட்டைவரை கருகியிருந்தது. ஹெட்டை லேத்தில் மட்டம் பார்த்தபோது அதே இடத்தில்தான் வளைந்திருந்தது.