ரேடியேஷனும் நீர்க்கடுப்பும்

கேள்வி: அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். ரேடியேஷன் தொடங்கி மூன்றாவது வாரம். அரை மணிக்கொரு தடவை சிறுநீர் வருகிறது, கடுமையாக எரிகிறது. பயந்துபோய் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். இது சரியா?

பதில்: சரியில்லை. இன்றே மாற்றச் சொல்லுங்கள். கருப்பைவாயை ஒட்டியே சிறுநீர்ப்பை இருப்பதால் கதிர் அதன் மீதும் படுகிறது. உட்சுவரைக் காக்கும் படலம் சிதைந்து, சிறுநீர் நேராகப் புண்ணில் படுவதால்தான் எரிச்சல். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி இன்னும் கடுக்கும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் அளவு கட்டியிருந்தால் தவிர, தினமும் ஒன்றரை முதல் 2 லிட்டர் வரை பகலில் பிரித்துக் குடிக்கட்டும். படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பு நிறுத்திக்கொண்டால் இரவில் எழுவது குறையும். காபி, டீ, சோடா பானங்களைத் தவிர்க்கட்டும்.

நோய்த்தொற்று இருந்தாலும் இதே அறிகுறிகள்தான். அதனால் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்யாமல் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். தொற்று இல்லையென்றால், பையின் இறுக்கத்தைத் தளர்த்தும் சோலிஃபெனாசின் போன்ற மாத்திரையை டாக்டர் தரலாம். வாய் உலரும், மலச்சிக்கல் வரும்; கண் நீரழுத்த நோய் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. ரேடியேஷனுக்குச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு வரச் சொல்லியிருந்தால், அடக்க முடியாமல் கழித்துவிட்டு, சொல்லாமல் மேஜையில் படுத்துவிடக் கூடாது. நிறைந்த பைதான் குடலைக் கதிரின் பாதையிலிருந்து மேலே தள்ளிவைக்கிறது. டெக்னீஷியனிடம் சொன்னால் குடிக்கும் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்கள். சிகிச்சை முடிந்த சில வாரங்களில் இந்த எரிச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்குப் புராஸ்டேட் ரேடியேஷன் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் வருகிறது. பழைய சிகிச்சையின் விளைவுதானே?

பதில்: இருக்கலாம். கதிர்பட்ட ரத்தக்குழாய்கள் மெல்ல அடைபட்டு, அவற்றுக்குப் பதில் எளிதில் உடையும் நுண்குழாய்கள் முளைக்கும்; பல ஆண்டுகள் கழித்தும் கசியும். ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் வலியில்லாமல் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். ஒரே ஒரு தடவை வந்து நின்றுவிட்டாலும், சிறுநீர்ப்பாதை மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) ஸ்கேனும், குழாய்க் கேமராவால் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியும் செய்து பார்த்தே ஆக வேண்டும். பழைய ரேடியேஷன் குறிப்புகளைக் கையோடு கொண்டுபோங்கள். கதிர்பட்ட இடத்தில் பரிசோதனைக்காகச் சதை எடுத்தால் புண் ஆறத் தாமதமாகும் என்பதால், ரேடியேஷன் கொடுத்தது அந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டிகட்டியாக ரத்தம் வந்து சிறுநீர் நின்றுவிட்டால் அது அவசர நிலை: சிறுநீர்ப்பைக்குள் கதீட்டர் என்னும் குழாய் போட்டுக் கழுவி எடுப்பார்கள்.