மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பலாமா? ஓய்வுபெற்ற சுபேதார் பதில்கள்

கேள்வி (குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்): ஐயா, என் மாமனார் பட்டாளத்துக்காரர். இப்போது மகன் அக்னிவீரில் சேர்கிறேன் என்கிறான். நாலு வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான் அம்மா. 2022 ஜூனில், அக்னிவீர் என்ற பெயரில் நாலு வருஷத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபாத் திட்டம் வந்ததும் எங்கள் வேலூர்ப் பக்கத்தில் எல்லோரும் முதலில் கேட்டது, "பென்ஷன் உண்டா?" என்றுதான். கிடையாது. நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் சேவா நிதி என்று மொத்தமாகத் தரும் சுமார் 11.71 லட்ச ரூபாயோடு திரும்ப வேண்டும். அதிலும் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்ததுதான். முன்பு 15 வருஷம் முடித்த சிப்பாய்க்கு ஆயுள் முழுக்கப் பென்ஷன் வந்தது, அவருக்குப் பின் மனைவிக்கும் வந்தது. பட்டாளத்தில் இருந்த என் அப்பா இறந்த பிறகு, மாதம் பிறந்தால் என் அம்மா பாஸ்புக்கை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வங்கிக்குப் போவார். தங்கை படித்தது அந்தப் பணத்தில். அதனால், தயங்கும் தாய்மாரை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: இந்தக் காலத்துப் பையன்களுக்கு நாட்டுப்பற்று குறைந்துவிட்டதா சார்?

பதில்: இல்லவே இல்லை. காலை ஐந்து மணிக்கு, பையன்கள் பயிற்சி எடுக்கும் எங்கள் மைதானத்துக்கு வந்து பாருங்கள். 1,600 மீட்டர் ஓடிவிட்டு, உள்ளங்கை உரிந்த கையோடு பீம் எடுக்கிறார்கள், அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே தூக்குகிறார்கள். கொரோனாவால் இரண்டு வருஷம் ஆள் எடுக்காதபோது, வயது தாண்டிவிடுமே என்று இதே மைதானத்தில் அழுத பையன்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் 2022 ஆள்சேர்ப்புக்கு மட்டும் வயது வரம்பை 21-லிருந்து 23 ஆக்கினார்கள். ஆசை அப்படியே இருக்கிறது. வீட்டார் போடும் கணக்குதான் மாறியிருக்கிறது.

கேள்வி: அண்ணே, எனக்கு இந்தி வராது. தேர்வு எழுத முடியுமா?

பதில்: தாராளமாக எழுது தம்பி. 2025 முதல் தரைப்படையின் நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்.

கேள்வி: பெண்கள் சேரலாமா?

பதில்: சேரலாம். கடற்படை மாலுமிகளாகப் பெண்களை முதன்முதலில் எடுத்ததே இந்தத் திட்டத்தில்தான்.

கேள்வி: நாலு வருஷத்துக்கு அப்புறம் என்ன செய்வது?

பதில்: மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022-லேயே அறிவித்தார்கள். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். சேவையில் இருக்கும்போதே தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டத்தை முடித்துவிடுங்கள். 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போன முதல் அணியில் எங்கள் மைதானத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். லீவில் வரும்போதெல்லாம் அவன் டிரங்குப் பெட்டியில், சீருடைக்கு அடியில், பி.ஏ. பாடப்புத்தகங்கள் இருக்கும்.