ஆபரேஷன் முடிந்த மறுநாள் அப்பாவுக்குச் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் வருகிறது, பிட்டம் வலிக்கிறது என்கிறார். இது சாதாரணமா?

எத்தனை மணி நேர ஆபரேஷன் என்று நீங்கள் எழுதவில்லை. ஐந்தாறு மணி நேரத்தைத் தாண்டியது, அப்பாவும் கனத்த உடம்புக்காரர் என்றால், முதலில் நர்ஸைக் கூப்பிட்டு சி.பி.கே. (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

எனக்கு இடது சிறுநீரகத்தில் கட்டி. வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து ஏழரை மணி நேரம் ஆபரேஷன். அப்போது என் எடை 104 கிலோ. கண் விழித்தால், தையல் போட்ட இடத்தைவிட வலது பிட்டம்தான் உயிர் போகிற மாதிரி வலித்தது. தொட்டால் கல்.

"ஒரே பக்கமா படுத்திருந்தீங்கல்ல சார், அப்படித்தான் இருக்கும்" என்றார் ட்யூட்டி டாக்டர். காரணம் என்னவோ அதுதான். தூக்கத்தில் நாம் புரண்டு படுக்கிறோம், மயக்க மருந்தில் அது முடியாது. மொத்த பாரமும் ஒரே தசையில் அழுந்தி, ரத்த ஓட்டம் குறைந்து, தசை சிதைகிறது. அதிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். எனக்கு மிச்சம் இருந்ததே ஒரு சிறுநீரகம்.

யூரின் பையைப் பார்த்துப் பயந்தது என் மனைவிதான். யூரினில் பட்டையை முக்கி நிறம் பார்க்கும் டெஸ்டில் 'ரத்தம்' என்று வந்தது. கிட்னி ஆபரேஷன் என்றால் ரத்தம் வரத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள். மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணுவே இல்லையே என்று மாலையில் வந்த ஒரு இளம் டாக்டர்தான் கவனித்தார். மயோகுளோபினுக்கும் அந்தப் பட்டை நிறம் மாறுமாம். இரவு சி.பி.கே. 21,000. சாதாரணமாக 200 சொச்சத்துக்குள்தான் இருக்கும், 5,000 தாண்டினாலே சிறுநீரகத்துக்கு ஆபத்து. சலைன் பாட்டில் மாற்றி பாட்டில் ஏறியது. மணிக்கு 200 மில்லியாவது யூரின் இறங்குகிறதா என்று அளந்துகொண்டே இருந்தார்கள். பொட்டாசியம் ஏறிவிடும் என்று மச்சான் வாங்கி வந்த இளநீரைத் திருப்பி அனுப்பினார்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 3.4 வரை போய் இறங்கியது. டயாலிசிஸ் வரை போகவில்லை.

டாக்டர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். மெத்தை, தலையணை எல்லாம் சரியாக வைத்தாலும் நேரம் நீண்டால் இது வரலாம் என்று எனக்கும் தெரியும். அந்த சர்ஜனை இன்றும் கும்பிடுவேன். என் வயிற்றெரிச்சல் இன்சூரன்ஸ்காரர்கள் மேல். கையுறை, ஊசி, பஞ்சு எல்லாம் பாலிசியில் வராது என்று 38,000 ரூபாய் கழித்தார்கள். கையுறை போடாமலா வயிற்றைக் கிழிப்பார்கள்?

அது கிடக்கட்டும். நர்ஸைக் கூப்பிட்டீர்களா?