பள்ளி நூலகத்தில் "பெரியவர்கள் விஷயம்" உள்ள புத்தகங்களை என்ன செய்வது?

ஒரு பெற்றோர் புகார் சொல்லிவிட்டார், அந்த மாதிரிப் புத்தகங்களை எல்லாம் எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போலப் பாடமும் நடத்திக்கொண்டு நூலகத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஆசிரியராகத்தான் இருப்பீர்கள். தனியாக நூலகர் இருக்கிற பள்ளியில் இந்தக் கேள்வி அவரிடம் போயிருக்கும். அப்படி நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

எடுக்க வேண்டாம். முதலில் நீங்கள் அதை முழுதாகப் படியுங்கள். நான் படிக்காமல் எடுத்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தமிழாசிரியை. தென் மாவட்டம் ஒன்றில் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. 2013இல் நூலகப் பொறுப்பு என்னிடம் வந்தது. அடுத்த வருஷம், ஊரில் ஒரு பெரியவர் காலமான பிறகு அவர் பிள்ளைகள் மூன்று சாக்கு நிறையப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாதிக்கு மேல், வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்தவை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். துணி ஒட்டிய முதுகு, கெட்டி அட்டை, மேலே மசியால் எழுதின கதைப்பெயர். கதைப் பக்கத்தின் பின்பக்கம் என்ன அச்சாகியிருந்ததோ அதுவும் கூடவே வரும். ஊறுகாய் விளம்பரம், பாதி ஜோக், ராசிபலன்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதில் ஒரு சரித்திரத் தொடரை எடுத்துக்கொண்டு போனாள். நாலாவது நாள் அவள் அம்மா வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் மகளுடைய கணக்கு நோட்டு. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஏழெட்டு வரி. ஒரு டாக்டர் கேள்வி பதில் பகுதி, வெள்ளைப்படுதல் பற்றியது. கதைப் பக்கத்தின் பின்புறத்தில் இருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

"படிக்கத்தானே டீச்சர் புத்தகம் குடுக்கிறீங்க? இதைப் பிள்ளை கையில பார்த்தா நான் என்னன்னு நினைக்கிறது?" என்றார் அந்த அம்மா. கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மகள் கதவுக்கு வெளியே நின்றாள்.

தலைமையாசிரியை, வந்த சாக்கு மொத்தத்தையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். நானும் அன்று சாயங்காலமே பூட்டிக் கொடுத்துவிட்டேன். மனசுக்குள் நிம்மதிகூட வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். பூட்டுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தேன். பயப்பட வேண்டாம் என்று டாக்டர் தொடங்கியிருக்கிறார். கீழே "ஆனால்" என்ற சொல்லோடு பக்கம் முடிந்துவிடுகிறது. மீதி அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். அதில் கதை இல்லாததால் பைண்டிங்கில் சேரவில்லை.

அந்தப் பெண் அப்புறம் நூலகப் பக்கமே வரவில்லை. அவள் பத்தாவது படிக்கும்போது கூடப் படித்தவள் ஒருத்தி என்னிடம் சொன்னாள். வீட்டில் பாட்டி, எலும்பு உருகித்தான் இப்படிப் போகிறது என்று சொல்லியிருந்தாராம். அவள் ராத்திரி எல்லாம் பயந்து அழுதிருக்கிறாள். "மீதிப் பக்கம் இருக்கான்னு உங்ககிட்ட கேக்கணும்னுதான் டீச்சர் எழுதி வச்சிருந்தா." எனக்குக் கை கால் ஓடவில்லை. அது பெரும்பாலும் இயல்பானது, அரிப்போ நாற்றமோ நிறம் மாறுவதோ இருந்தால் மட்டும் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த அம்மாவுக்கும் அதே ஒரு நிமிஷம் போதும். இரண்டு பேரும் எதிரில் இருந்தும், நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை, புத்தகத்தை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் பேசினேன்.

இதைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் திறந்து போடச் சொல்கிறாள் என்று யாராவது கீழே எழுத வருவார்கள். அப்படிச் சொல்லவில்லை. அதே சாக்கில் பாக்கெட் நாவல்கள் ஏழெட்டு இருந்தன. பெண்ணை அடித்துத் துன்புறுத்துவதையே ரசித்து ரசித்து எழுதியவை. அவற்றைப் பின்னாளில் உட்கார்ந்து படித்துவிட்டு, நானே விலக்கினேன். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பண்பாடு கெடும் என்பவர்களுக்கு ஒன்று. 2016இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருக்குறளில் அறத்துப்பாலும் பொருட்பாலும் சேர்ந்த 108 அதிகாரங்களை 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பாடமாக வைக்கச் சொன்னது. காமத்துப்பாலின் 25 அதிகாரங்கள் அதில் இல்லை. ஆனால் 1330 குறளும் உள்ள புத்தகம் நூலக அலமாரியில் இருக்கிறது, ஒரு தாயும் அதற்காக வந்து சண்டை போட்டதில்லை. பதினொன்று, பன்னிரண்டுக்குக் காதலைப் பாடும் அகப்பாடல் நடத்துகிறேன். வகுப்பில் சிரிப்பு வரும், இரண்டு நிமிஷத்தில் அடங்கும், அப்புறம் பாட்டுக்குள் போய்விடுவார்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். அட்டையையும் பெயரையும் பார்த்து முடிவு செய்வதில்லை. சந்தேகப்படும் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் முழுதும் படிக்கிறேன். 11, 12 வகுப்புக்கு என்று ஒரு ரேக் தனியாக இருக்கிறது, பூட்டு கிடையாது. கீழ் வகுப்புப் பிள்ளை அதிலிருந்து கேட்டால் ஏன் கேட்கிறாள் என்று விசாரித்துவிட்டு, சில சமயம் கொடுப்பேன், சில சமயம் "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்மா" என்பேன். 2023இல் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருந்தார்கள். படிக்கும் திறனுக்கு அது நல்ல ஏணி. விஷயத்தின் கனத்துக்கு அப்படி ஓர் ஏணியை யாரும் நம் கையில் தரவில்லை, நாமேதான் படித்துப் படித்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

புத்தகம் திரும்பி வரும்போது நான் மேஜையில் இருப்பேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். "எந்த இடம் பிடிச்சது?" என்று கேட்டால் போதும். தொடக்கூடாத இடத்தில் தொடுவதைப் பற்றிய கதையைப் படித்துவிட்டு ஒரு பிள்ளை பேசாமல் நின்றால் உட்கார வைத்துக் கேளுங்கள். அவள் ஏதாவது சொன்னால் அது உங்களோடு முடிகிற விஷயம் இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம். இதற்குப் பயந்துகொண்டே சில ஆசிரியர்கள் அப்படிக் கதை உள்ள புத்தகத்தை வாங்குவதில்லை. எனக்கு அவர்கள் மேல் கோபம்தான் வருகிறது.

இன்னொரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிகளில் புத்தகம் பீரோவில் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இந்த மாதிரி விஷயமே கிடையாது. இருப்புப் பதிவேடு. ஒன்று தொலைந்தால் பொறுப்பாசிரியர் கையிலிருந்து கட்ட வேண்டும். நான் இதுவரை நாலு தடவை கட்டியிருக்கிறேன். பிள்ளைகள் கையில் கிழிந்த புத்தகத்துக்குத் தணிக்கையில் விளக்கம் எழுதித் தந்திருக்கிறேன். பூட்டின பீரோவுக்குள் கிடந்து கெட்டுப் போனதற்கு மட்டும் ஒருவரும் விளக்கம் கேட்டதில்லை. 2017இல் அந்த பீரோவைத் திறந்தோம். சரித்திரத் தொடரைக் கையில் எடுத்தேன். அட்டை அப்படியே இருந்தது. உள்ளே கரையான் அரித்து மண்ணாகக் கொட்டியது. பதிவேட்டில் அது இன்றைக்கும் "நல்ல நிலையில்".

சரி. எந்தப் புத்தகத்துக்குப் புகார் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பெற்றோரை இன்னொரு நாள் வரச்சொல்லி, அவர் காட்டுகிற பக்கத்தை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். பெயரைக் கீழே எழுதுங்கள். நான் படித்த புத்தகமாக இருந்தால் எந்த வகுப்புக்குக் கொடுப்பேன் என்று சொல்கிறேன், இல்லையென்றால் வாங்கிப் படித்துவிட்டுச் சொல்கிறேன்.