தியூ கொண்டுபோகாத தங்கம்

கேள்வி: தென் வியட்நாம் அதிபர் தியூ, தலைநகர் சைகோன் வட வியட்நாமிடம் விழும் நேரத்தில் 16 டன் அரசுத் தங்கத்தோடு ஓடிவிட்டாராமே? தோற்கிற அரசின் தலைவர்கள் எல்லோருமே இப்படித்தானா?

பதில்: 16 டன்னைப் பெட்டியில் போட்டுத் தூக்க முடியுமா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். 1975 ஏப்ரல் 25 இரவு தியூ விமான நிலையத்துக்குக் காரில் போனார். ஓட்டியவர் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் அதிகாரி. பெட்டிகளில் உலோகம் உரசும் சத்தம் கேட்டதாக அவர் பின்னாளில் எழுதினார். வதந்திக்குக் கை கால் முளைக்க அது போதாதா? தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும் பேச்சு நடந்தது உண்மை. அது முடிவதற்குள் அரசே முடிந்துவிட்டது. தங்கம் தேசிய வங்கியிலேயே கிடந்து, வென்றவர்கள் கைக்குப் போனது.

தியூவைத் திட்டத் தங்கம் எதற்கு? மார்ச் 14 போதும். மத்திய மேட்டுநிலத்தின் பான் மே துவோட் நகரம் வட வியட்நாமிடம் விழுந்த சூட்டில், கடலோர நகரான காம் ரானில் கூடிய ரகசியக் கூட்டத்தில் அந்த மேட்டுநிலத்தையே காலி செய்துவிட்டு வரும்படி அங்கிருந்த படைகளின் தளபதி ஃபூவுக்கு உத்தரவிட்டார். மாகாண அதிகாரிகளுக்குச் சொல்லவில்லை, உள்ளூர்ப் படைகளுக்கும் சொல்லவில்லை. ராணுவ லாரிகள் கிளம்புவதைப் பார்த்துத்தான் மேட்டுநிலத்து நகரான பிளெய்கூவின் மக்களுக்கே விஷயம் புரிந்தது. குழந்தை குட்டிகளோடு பின்னாலேயே ஓடினார்கள். போன வழியோ பராமரிப்பில்லாமல் விட்டிருந்த 7பி சாலை. ஆற்றைக் கடக்க அங்கே போய்த்தான் பாலமே போட வேண்டியிருந்தது. வரிசை நின்றது, நின்ற வரிசையில் குண்டு விழுந்தது. மார்ச் முடிவதற்குள் ஹுவே, டா நாங் நகரங்களும் போய்விட்டன.

ஏப்ரல் 21 அன்று தொலைக்காட்சியில் ராஜினாமா செய்தார். உரை முழுக்க அமெரிக்காவுக்கு அர்ச்சனை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1973இன் பாரிஸ் அமைதி ஒப்பந்தத்தில் தியூவின் கையெழுத்தை வாங்க அமெரிக்க அதிபர் நிக்சன் கடிதம் மேல் கடிதமாக வாக்குறுதி கொடுத்தார். 1974இல் அவரே பதவியிழந்தார். அடுத்து வந்த அதிபர் ஃபோர்டு கேட்ட சுமார் 72 கோடி டாலர் ராணுவ உதவிக்கு அமெரிக்க காங்கிரஸ் கை விரித்தது. எல்லாம் சரி, காம் ரான் முடிவை நிக்சனா எடுத்தார்? பதவியைத்தான் விடுகிறேன், ஓடிப்போக மாட்டேன் என்றும் தியூ அதே உரையில் சொன்னார். நான்கே நாளில் தைவான். உத்தரவை வாங்கிக்கொண்ட ஃபூ, சைகோன் விழுந்த நேரத்தில் தற்கொலை செய்துகொண்டார்.

இனி உங்கள் 'எல்லோரும்'. முன்னாள் பிரதமர் காவ் கீயை அதில் தாராளமாகச் சேர்க்கலாம். ஓடுகிறவர்கள் கோழைகள் என்று கூட்டத்தில் முழங்கிவிட்டு, 29ஆம் தேதி ஹெலிகாப்டரைத் தானே ஓட்டிக்கொண்டு அமெரிக்கப் போர்க்கப்பலில் போய் இறங்கினார்.

ஆனால் தியூவுக்குப் பின் ஒரு வாரம் அதிபராக இருந்த டிரான் வான் ஹுவோங்? எழுபதைத் தாண்டிய, கண் பார்வை மங்கிய முன்னாள் பள்ளி ஆசிரியர். அவர் எங்கும் போகவில்லை. 1982இல் சைகோனிலேயே இறந்தார்.

அப்புறம் 'பெரிய மின்' என்று அழைக்கப்பட்ட துவோங் வான் மின். 28ஆம் தேதி மாலை பதவியேற்றார். சற்று நேரத்தில் எதிரிகள் கைப்பற்றியிருந்த தென் வியட்நாம் ஜெட்களே வந்து சைகோன் விமான நிலையத்தில் குண்டு போட்டன. 30ஆம் தேதி காலை, சண்டையை நிறுத்தும்படி வானொலியில் தன் படைகளுக்குச் சொன்னார். டாங்கிகள் மாளிகைக் கதவை இடித்துக்கொண்டு நுழைந்தபோது அமைச்சர்களோடு உள்ளேதான் இருந்தார். அதிகாரத்தை ஒப்படைக்கக் காத்திருப்பதாகச் சொன்னவருக்கு, இல்லாததை எப்படி ஒப்படைப்பீர்கள் என்று பதில் வந்தது. வானொலி நிலையத்துக்குக் கூட்டிப்போய், நிபந்தனையற்ற சரணடைதலை வாசிக்க வைத்தார்கள்.

புலம்பெயர்ந்த வியட்நாமியரில் ஒரு சாரார் அவரைத் துரோகி என்பார்கள். சைகோனில் தெருத் தெருவாகச் சண்டை நடக்காமல் போனதில் அவருக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. 1963இல் அன்றைய அதிபர் டியெமின் ஆட்சியைக் கவிழ்த்த தளபதிகளுக்குத் தலைமை தாங்கியவரும் இதே மின்தான். அவரை மகானாக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. 'எல்லோருமே' என்று எழுதும்போது அவரையும் ஹுவோங்கையும் கழித்துவிட்டு எழுதுங்கள்.