வாசகர் கேள்வி – பதில்: வாக்கும் கணக்கும்

சென்ற இதழில் "மக்களாட்சி நமக்கு ஒத்துவருமா?" என்று ஒரு வாசகர் கேட்டதற்கு இரண்டே வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். அந்தச் சோம்பலுக்குத் தண்டனையாக, இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதே பொருளைப் பற்றியவை. எனவே சினிமா, சமையல், சோதிடம் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெரம்பூர்

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பேராசிரியருக்கும் ஒரே மதிப்புள்ள ஒரே ஓட்டு என்பதுதானே ஜனநாயகத்தின் அடிப்படைக் குறை? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூரில் தகுதி பார்த்துத்தானே தேர்ந்தெடுத்தார்கள்?

பதில்: உத்திரமேரூரை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன், ஐயா. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் அவ்வூர்க் கோயிலில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரிக்கப்பட்டதையும், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்ததையும் சொல்கின்றன. அது குலுக்கல்தான், வாக்களிப்பு அன்று. குடத்துக்குள் பெயர் போவதற்கே வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும், வேதப் பயிற்சியும் வேண்டியிருந்தன. பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரின் சபை அது. அந்த நிலத்தில் இறங்கி உழுதவருக்கோ, பெண்களுக்கோ அந்தக் குடத்தில் இடம் இருக்கவில்லை. ஆகவே அதுதான் இன்றைய மக்களாட்சியின் தொட்டில் என்று மேடையில் முழங்குகிறவர்களுடன் என்னால் முழுதாகச் சேர முடிவதில்லை.

ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதி இருக்கிறது. சபையின் குழுக்களான வாரியங்களில் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுடைய பெயரை மட்டுமன்றி, அவனுடைய நெருங்கிய உறவினர்களின் பெயர்களையும் குடத்தில் இடக் கூடாது என்பதே அது. நிலமும் வேதமும் உடையவர்களே ஆள வேண்டும் என்ற பகுதியை நாம் கைவிட்டது மிகச் சரி. அதோடு சேர்த்து இந்த விதியையும் நழுவவிட்டதுதான் நட்டம். இன்றைய சட்டப்படி, தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைக்காத வேட்பாளரை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யலாம். பதவியில் இருந்த காலத்துக் கணக்குக்கு அப்படியொரு தடை இல்லை. உறவினர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, நீங்களே அறிவீர்கள்.

இனிப் படிப்புக்கு வருகிறேன். 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நடந்த தேர்தலில் சொத்தோ வரியோ உடையவர்களுக்கு மட்டுமே வாக்கு இருந்தது. 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். அந்த நிலையிலும் 17 கோடிப் பேருக்கு மேல் வாக்குரிமை அளித்து முதல் பொதுத்தேர்தல் நடத்தப்பட்டது. பெயர் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைத்தார்கள். 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய மகள்' என்பதற்கு மேல் தம் பெயரைச் சொல்ல மறுத்த சுமார் 28 லட்சம் பெண்கள் வட மாநிலங்களில் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போனார்கள். குறைகள் இருந்தன, ஆனால் எழுத்தறியாதவர்களால் தேர்தல் கெட்டது என்று யாரும் காட்டிவிடவில்லை.

வாக்களிப்பை அறிவுத்தேர்வாக எண்ணுவதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நியாயவிலைக் கடையில் இந்த மாத அரிசி எப்படி இருக்கிறது என்பது பேராசிரியருக்குத் தெரிய வாய்ப்பில்லை. பையோடு வரிசையில் நின்ற அம்மாளுக்குத் தெரியும். ஆட்சி எப்படி நடந்தது என்று சொல்ல அவருக்கு உள்ள தகுதி அதுவே.

மென்பொருள் பணியாளர், வேளச்சேரி

கேள்வி: சிங்கப்பூரில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவன் நான். கண்டிப்பான, நேர்மையான ஒருவரிடம் பத்து ஆண்டுகள் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால் நாடு உருப்பட்டுவிடாதா?

பதில்: சிங்கப்பூரில் 1959 முதல் ஒரே கட்சி ஆண்டு வருகிறது என்பது உண்மை. ஆயினும் ஒவ்வொரு முறையும் தேர்தலில் வென்றே அது ஆட்சிக்கு வருகிறது. அங்கே வாக்களிப்பது கட்டாயம் என்பதை நாலாண்டு இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தேர்தல்களின் களம் எல்லாருக்கும் சமமானதா என்று கேட்கலாம்; தேர்தலே வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் சான்றாகாது.

பத்து ஆண்டுகள் முடிந்த மறுநாள் காலையில், போதும் ஐயா என்று அவரிடம் போய்ச் சொல்லப் போவது யார்? 1975 ஜூன் 25 இரவு அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையின்போதும் ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன என்று மகிழ்ந்தவர்கள் இருந்தார்கள். நாளிதழ்கள் தணிக்கைக்குப் பிறகே வெளிவந்தன. 1976 ஜனவரி 31 அன்று இங்கே தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டது. விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசவும் வழியில்லை. 1977 மார்ச்சில் தேர்தல் வந்ததும் பிரதமர் இந்திரா காந்தியே தம் ரேபரேலி தொகுதியில் தோற்றார். தமிழ்நாடு அந்த அலையில் சேராமல் அவருடைய கூட்டணிக்கே வாக்களித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாக்காளர் எப்போதும் நாம் விரும்பும் பாடத்தையே எழுதிக் காட்டுவதில்லை. இருந்தாலும், அத்தனை அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த ஒருவரை ஒரு துளி ரத்தம் சிந்தாமல் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. மக்களாட்சியிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான். நல்லவர்களை அது தேடித் தரும் என்று நான் பெரிதாக நம்பியதில்லை.

செயல்படும் மக்களாட்சியும் சுதந்திரமான பத்திரிகைகளும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் ஏற்பட்டதில்லை என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார். 1943இன் வங்கப் பஞ்சம் பிரிட்டிஷ் ஆட்சியில் வந்தது. 1958க்கும் 1961க்கும் இடையே சீனாவில் கோடிக்கணக்கானோர் இறந்த பஞ்சத்தைப் பற்றிக் கேள்வி கேட்க அங்கே எதிர்க்கட்சியும் இல்லை, பத்திரிகையும் இல்லை. ஆனால் அவரே சுட்டும் மறுபக்கமும் உண்டு: பஞ்சத்தைக் கண்டு பதறும் இதே மக்களாட்சி, பிள்ளைகளின் நாள்பட்ட ஊட்டச்சத்துக் குறைவோடு பல பத்தாண்டுகள் நிம்மதியாகக் குடித்தனம் நடத்துகிறது. படமெடுத்து முதல் பக்கத்தில் போட முடியாத துன்பம் அதன் கண்ணில் படுவதில்லை. மேம்பாலம் கட்டத் தாமதமாகிறது என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படும் குறை இது.

கல்லூரி மாணவி, வியாசர்பாடி

கேள்வி: ஒரு தொகுதியில் 'யாருக்கும் வாக்கில்லை' என்னும் நோட்டாவுக்கே அதிக வாக்குகள் விழுந்தால் என்ன ஆகும்?

பதில்: ஒன்றும் ஆகாது. அதற்கு அடுத்த இடத்தில் உள்ள வேட்பாளர் வென்றதாக அறிவிக்கப்படுவார். 2013இல் உச்ச நீதிமன்றம் உங்களுக்கு வாங்கித் தந்தது முகம் சுளிக்கும் உரிமையை மட்டுமே.

வாசகர், வளசரவாக்கம்

கேள்வி: எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. பெரும்பான்மை முடிவே ஜனநாயகம் என்றால், எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு அது பாதுகாப்பா, ஆபத்தா?

பதில்: இந்தக் கேள்விக்கு உங்கள் குடும்பமே என்னைவிட நன்றாகப் பதில் சொல்லும். இலங்கையில் வயது வந்த எல்லாருக்கும், பெண்கள் உட்பட, 1931இலேயே வாக்குரிமை வந்துவிட்டது. நமக்கு இருபது ஆண்டுகள் முன்னதாக. தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து சென்றவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்கள் 1947 தேர்தலில் வாக்களித்து நாடாளுமன்றத்துக்குத் தம் உறுப்பினர்களையும் அனுப்பினார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களில் மிகப் பெரும்பாலோரைப் பட்டியலிலிருந்தே அகற்றின. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் நிறைவேறியது. இவற்றில் எதையும் துப்பாக்கி முனையில் யாரும் செய்யவில்லை. முறைப்படி கூடிய நாடாளுமன்றத்தில், முறைப்படி கை தூக்கி, எண்ணிப் பார்த்துச் செய்தார்கள். எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, எண்ணிக்கையால் தொட முடியாத உரிமைகள் எவை என்று வரையறுக்காமல் விட்டால் மக்களாட்சி என்ன செய்யும் என்பதற்கு, தமிழ் பேசுகிறவர்கள் வேறெங்கும் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

இங்கும் மொழிப் பிரச்சினை தீயாய் எரிந்தது. 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர்களும் போயின. ஆனால் அந்தக் கோபம் வந்து சேர ஒரு வாக்குப்பெட்டி இருந்தது. 1967இல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு இறுதியிலேயே ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்பது சட்டத்தில் இடம் பெற்றது. அந்தத் தேர்தலிலும் ஒரு வேடிக்கை உண்டு: காங்கிரஸ் பெற்றது சுமார் 41 சதவீத வாக்கு, திமுக பெற்றது அதைவிடச் சற்றே குறைவு, இடங்களோ திமுகவுக்கு 137, காங்கிரசுக்கு ஐம்பதை ஒட்டி. திமுக குறைவான தொகுதிகளில், கூட்டணியோடு நின்றது என்பது ஒரு காரணம்; ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் வந்தவருக்கே எல்லாம் என்னும் முறை இன்னொரு காரணம். வாக்கு விகிதத்துக்கும் இடங்களுக்கும் உள்ள இந்த இடைவெளியைத் தோற்ற கட்சிகள் மட்டுமே கண்டிக்கும், வென்றதும் மறந்துவிடும்.

பெயர் வேண்டாம் என்று எழுதியவர், வடசென்னை

கேள்வி: போன தேர்தலில் பணம் வாங்கினேன். சாமி படத்தின் மேல் சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தேன். ஆனால் வேறு ஒருவருக்கு ஓட்டுப் போட்டேன். தவறு செய்துவிட்டேனா?

பதில்: அம்மா, வாக்குக்குப் பணம் கொடுப்பதைப் போலவே வாங்குவதும் சட்டப்படி குற்றம், அதை மழுப்பிப் பயனில்லை. யாருக்கு வாக்களித்தீர்கள் என்பதற்காக மட்டும் வருந்தாதீர்கள். பொத்தானை அழுத்தியதும், யாருக்கு வாக்களித்தீர்கள் என்று காட்டும் சீட்டு ஏழு நொடிகள் உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடுகிறது; கொடுத்தவர் பார்க்க வழியே இல்லை. வழி இல்லாததால்தான் சாமியைத் துணைக்கு அழைக்கிறார்கள். சத்தியத்தின் பாவக் கணக்கை, அதைக் கேட்டவர் பேரில் எழுதுவதே நியாயம் என்பது என் சொந்தக் கருத்து.

பணப் பட்டுவாடா காரணமாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 2017இல் ராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் அதே காரணத்துக்காக ரத்தாயின. ஊரே வாங்குகிறவர்களைத்தான் ஏசுகிறது. என் கவலை வேறு. சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. அவருடைய கட்சி செலவழிப்பதற்கு வரம்பே கிடையாது. நன்கொடையாளர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வாக்குக்குச் சில நூறு வாங்கிய உங்களைக் குற்றவாளி என்று எழுதிய அதே பேனாவால், கோடிகளைக் கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்றும் எழுத வேண்டாமா?

செலவு கூடக் கூட, நிற்பவர்களின் வட்டம் சுருங்குகிறது. 1996இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்று கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்ய, 1,033 பேர் களத்தில் நின்றார்கள்; வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டியதாயிற்று. பொதுப்பிரிவு வேட்பாளருக்கு 250 ரூபாயாக இருந்த சட்டமன்ற வைப்புத்தொகை அதன்பிறகு 5,000 ஆகி, இன்று 10,000. குறையைக் கேட்பதைவிடக் கட்டணத்தை உயர்த்துவது எளிது.

குடும்பத் தலைவி, மடிப்பாக்கம்

கேள்வி: ஐந்து ஆண்டுக்கு ஒரு நாள் விரலில் மை வைத்துக்கொள்கிறோம். மீதி நாட்களில் நமக்கு என்ன ஜனநாயகம் இருக்கிறது?

பதில்: சென்னைக்காரர்கள் பல ஆண்டுகள் அந்த ஒரு நாளும் இல்லாமலே இருந்தவர்கள். 1688இல் தோன்றிய இந்த மாநகராட்சியின் மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996இல்தான். பிறகு 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் வழக்கில் நின்று, 2022 பிப்ரவரியில் நடந்தது. அத்தனை ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த தேர்தலில் மாநகரில் பதிவான வாக்கு 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. படித்தவர்கள் நிறைந்த ஊர் என்று பெயர். பெரம்பூர்த் தலைமையாசிரியர் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் தெருமுனையில் மழைநீர் வடிகாலின் மேல்பலகை உடைந்தது, கவுன்சிலர்கள் இல்லாத அந்த இடைக்காலத்தில். யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று பூ விற்கும் அம்மாள் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அதன்மேல் கவிழ்த்து, சிவப்புத் துணியும் கட்டிவைத்தார். நான் மனு எழுதிக்கொண்டு போன அலுவலகத்தில் மரியாதையாக உட்காரவைத்து, இது தங்கள் வேலை இல்லை என்று இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே ஒப்புகைச் சீட்டுக் கிடைத்தது. அடுத்தடுத்து இரண்டு சீட்டுகளும் கிடைத்தன. நாற்காலி வெயிலில் வெளுத்துப்போனது. அங்கிருந்த அதிகாரிகள் கெட்டவர்கள் அல்லர். எனக்குப் பதில் சொல்லாவிட்டால் அவர்களுக்கு ஆவது ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

கவுன்சிலர் வந்தபின் ஒரு காலையில் அவரைத் தேநீர்க் கடை வாசலில் பிடித்தேன். நான்கு பேர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரால் நகர முடியவில்லை. ஒன்பதாம் நாள் புதிய பலகை வந்தது. இதில் அவருடைய குணத்தைவிட அந்த நான்கு பேருக்கே பங்கு அதிகம். ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடி வரவு செலவை வாசிக்க வேண்டும் என்று இருக்கிறது. நகரத்துக்கும் பகுதி சபை என்று விதி வந்துவிட்டது. மீதி நாட்களின் ஜனநாயகம் எங்கே என்றால், அந்தத் தேநீர்க் கடைக் கேள்வியைக் கூட்டமாக உட்கார்ந்து, பதிவேட்டில் ஏறும்படி கேட்கிற இடத்தில் இருக்கிறது.

வந்த பலகை ஓர் அடி குட்டை. நாற்காலி இப்போது அந்த இடைவெளியின் மேல் இருக்கிறது. அடுத்த பகுதி சபையில் கேட்கலாம் என்று இருக்கிறேன். கூட்டம் என்றைக்கு என்பதை முதலில் யாரிடமாவது விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.